பழைய காரும் எண்ணெய் அழுத்தமும்: அளந்து பார்த்த பிறகுதான் புரிந்தது

2023 ஜூன் பள்ளி விடுமுறை. மலாக்காவிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஞாயிறு மாலை என்பதால் கடற்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு கார் நீளம் நகர்ந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. ஏசி முழு வேகத்தில் ஓட, பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள். அப்போதுதான் மீட்டருக்குக் கீழே சிவப்பு எண்ணெய்க் குவளை விளக்கு ஒருமுறை மினுக்கியது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தேன், அணைந்தது. காலை எடுத்தேன், மறுபடி மினுக்கியது.

நான் காலைப் பெடலில் வைத்து விளக்கை அணைத்தபடியே யீஷூன் வீடுவரை ஓட்டி வந்துவிட்டேன். அது தவறு. அந்த விளக்கு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் விளக்கு இல்லை. எஞ்சினுக்குள் எண்ணெயைத் தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய இல்லை என்று சொல்லும் விளக்கு. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கிய பிறகுதான் அது எரியும். அதாவது முன்னெச்சரிக்கை கிடையாது, கடைசி எச்சரிக்கை. அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இன்று எனக்கு அப்படி நடந்தால் பாலத்திலேயே அபாய விளக்கைப் போட்டு எஞ்சினை அணைத்திருப்பேன். பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தாலும் சரி.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007இல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய செடான். முதல் உரிமையாளர் 2017இல் பத்து ஆண்டுகளுக்கு சிஓஇ (இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தார். 2019இல் அவரிடமிருந்து நான் வாங்கினேன். 2027 வரை ஓடும். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் வாகன ஆய்வு, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் என்று செலவு உண்டுதான். ஆனால் 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ மட்டும் 106,000 வெள்ளிக்குப் போனது. அந்த நிலையில் கையில் இருக்கும் பழைய எஞ்சினைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களைப் போன்ற குடும்பத்துக்கு வேறு வழி தெரியவில்லை. ஆண்டு ஆய்வில் புகை, பிரேக், விளக்கு, கசிவு எல்லாம் பார்ப்பார்கள். எண்ணெய் அழுத்தத்தை யாரும் அளப்பதில்லை. என் வண்டியும் அந்த ஆண்டு ஆய்வில் தேறித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பல கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர் இருக்கும். என் எஞ்சினுக்கு மொத்தமே 3.7 லிட்டர்தான், அதில் ஒரு லிட்டருக்கு மேல் காணோம். ஊற்றி நிரப்பினேன். மறுநாள் காலை விளக்கு வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. மாலையில் மத்திய விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றபோது மறுபடி மினுக்கியது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது) மட்டும். அளவு சரியாக இருந்தும் அழுத்தம் இல்லை என்றால் காரணம் வேறு என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

முதலில் போன பட்டறையில், "பழைய வண்டி பாஸ், எஞ்சின் லூஸாகிவிட்டது, கெட்டி எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும்" என்றார்கள். 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரகத்தை ஊற்றினார்கள். விளக்கு நின்றுவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதி ஐந்து வாரம்கூட நிற்கவில்லை. முதலில் தெரிந்தது காலைச் சத்தம். ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி மேல்பக்கத்திலிருந்து டகடகவென்று சத்தம் வந்து பிறகு அடங்கும். முன்பு அப்படி இருந்ததில்லை. பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது. பிறகு ஒருநாள் தீவு விரைவுச்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போகும்போதே விளக்கு ஒரு கணம் எரிந்தது. ஐடிலில் இல்லை, வேகத்தில்! அதே பட்டறைக்குப் போனேன். எஞ்சினைக் கழுவும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புது எண்ணெய் மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமானது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். பேராக்கிலிருந்து வந்து இங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். நான் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, யாராவது அழுத்தத்தை அளந்து பார்த்தாங்களா?"

இல்லை. இரண்டு முறை எண்ணெய் மாற்றி, ஒரு முறை கழுவி, முன்னூறு வெள்ளிக்கு மேல் செலவாகியும் யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் செய்தது மிக எளிமையான வேலை. விளக்குக்குச் செய்தி அனுப்பும் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஊசி வைத்த மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தினார். வண்டியை ஒரு சுற்று ஓட்டி நன்றாகச் சூடாக்கிக் கொண்டுவந்தார். குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் பயனில்லை, எண்ணெய் கெட்டியாக இருப்பதால் எந்த எஞ்சினும் நல்ல எண்ணைத்தான் காட்டும் என்றார். என் எஞ்சினின் பட்டறைக் கையேட்டில் சூடான நிலையில் ஐடிலில் குறைந்தது 4.3 பிஎஸ்ஐ, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 43 முதல் 78 பிஎஸ்ஐ என்று இருந்தது. ஐடிலுக்கு இவ்வளவு குறைந்த எண் போதுமா என்று எனக்கு ஆச்சரியம். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது, அந்தந்த எஞ்சினின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஐடிலில் ஊசி ஐந்தைச் சுற்றி நின்றது. அது தேர்ச்சிதான். 3,000 சுற்றுக்கு ஏற்றியதும் 26ஐத் தாண்டவில்லை. அதுவும் நிலையாக நிற்காமல் நடுங்கியது. உள்ளே இருந்தது 20டபிள்யூ-50, அவ்வளவு கெட்டியான எண்ணெயோடே இந்த நிலை.

அண்ணன் அந்த நடுங்கும் ஊசியைக் காட்டி விளக்கியதுதான் இந்த அனுபவத்தில் நான் கற்ற பெரிய பாடம். கிராங்க் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால் இடைவெளி கூடி, சூட்டில் எண்ணெய் எளிதாக வழிந்து ஐடிலில் அழுத்தம் இறங்கும். ஆனால் சுற்று ஏற ஏற பம்ப் அதிகம் தள்ளும், அழுத்தமும் ஓரளவு ஏறிவிடும். இங்கே தலைகீழ். ஐடிலில் தப்பித்துக்கொள்கிறது, பம்ப் அதிகம் கேட்கும்போது கிடைக்கவில்லை. பம்புக்குத் தீனி போதவில்லை என்று பொருள். எண்ணெயை உறிஞ்சும் இடத்தில் ஏதோ அடைத்திருக்கிறது.

அப்படியானால் கெட்டி எண்ணெய் ஊற்றியதும் விளக்கு ஏன் அணைந்தது? தோட்டத்துக் குழாயின் நுனியை விரலால் பாதி மூடினால் அழுத்தம் கூடும், தண்ணீர் அதிகமாக வந்துவிடாது. கெட்டி எண்ணெயும் அப்படித்தான். பேரிங் இடைவெளியில் வழிந்தோடத் தயங்குவதால் ஐடிலில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். ஆனால் எஞ்சினைக் காப்பது அழுத்தம் என்ற எண் மட்டும் கிடையாது. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு இடைவெளிதான் இருக்கிறது. அதில் ஓயாமல் புது எண்ணெய் ஓடிப் படலமாக நிற்க வேண்டும், சூட்டையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். பாதி அடைத்த வலை வழியாகக் கெட்டி எண்ணெயை உறிஞ்சுவது இன்னும் கடினம். அதனால்தான் நெடுஞ்சாலை வேகத்தில் விளக்கு எரிந்திருக்கிறது. காலையில் வந்த டகடகச் சத்தமும் மேல்பக்கத்துக்கு எண்ணெய் தாமதமாகப் போனதால்தான்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டான ஆயில் பானைக் கழற்றினார்கள். உறிஞ்சு குழாயின் வாயில் இருக்கும் வலையில் முக்கால் பங்கு கறுப்புக் கசடு. கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்ததுபோல் இருந்தது. அதனோடு காய்ந்த சிலிக்கான் பசைத் துண்டுகள், எப்போதோ வால்வ் மூடியை மாட்டியவர்கள் அளவுக்கு மேல் பூசியது. ஃப்ளஷ் ஊற்றியபோது சுவரில் ஒட்டியிருந்த கசடு மொத்தமாக இளகிக் கீழே வந்து வலையில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகி நின்றுபோயிருக்கும். பழைய எஞ்சினில் பானைக் கழற்றிப் பார்க்காமல் ஃப்ளஷ் ஊற்றவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கசடு எப்படி வந்தது? முந்தைய உரிமையாளரின் சேவை அட்டையில் 15,000 கி.மீ. இடைவெளிகூட இருந்தது. நானும் 10,000 தாண்டித்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமுள்ள நாட்டில் அது ஓடிவிடலாம். இங்கே நம் ஓட்டம் வேறு மாதிரி. பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், சந்தைக்கு மூன்று கிலோமீட்டர், நடுவில் ஐந்து சிக்னல். எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்னே அணைத்துவிடுகிறோம். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் எண்ணெயிலேயே தங்குகின்றன. பல கையேடுகளில் இந்த மாதிரி ஓட்டத்தைக் கடுமையான பயன்பாடு என்றே வகைப்படுத்தி, மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை நான் அதுவரை படித்ததில்லை.

பான் திறந்திருக்கும்போதே அண்ணன் இன்னொரு வேலையும் செய்தார். பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் காட்டினார். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இருந்தால் இரும்பு. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துகள் இருந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போய் அடியில் உள்ள அடுக்கு தேய்கிறது என்று பொருள். என் நல்ல நேரம், கொஞ்சம் கரியைத் தவிர எதுவும் இல்லை. ஒரு ராட் மூடியை மட்டும் கழற்றிப் பார்த்தார்கள், பேரிங்கில் லேசான கீறல்தான். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று முடிவானது. வலையைச் சுத்தம் செய்து, பிசிவி வால்வ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றுவது), பிரஷர் சுவிட்ச் இரண்டையும் புதிதாகப் போட்டு, 5டபிள்யூ-30 ஊற்றி, "1,500 கி.மீ. ஓட்டிட்டு வாங்க, மிச்சக் கசடு கரைஞ்சு வரும், மறுபடி மாத்திடலாம்" என்றார். கூலி, பொருள் எல்லாம் சேர்ந்து 420 வெள்ளி.

மாட்டிய பிறகு மறுபடி கேஜ். சூட்டில் ஐடிலில் 11, 3,000 சுற்றில் 47. மெல்லிய எண்ணெயிலேயே கையேட்டு அளவுக்குள் வந்துவிட்டது. ஊசி நடுங்கவும் இல்லை.

சரி, அப்படியானால் பழைய வண்டிக்கு எந்த எண்ணெய்? இதில் நான் நிறையப் படித்தேன், அண்ணனிடமும் நிறையக் கேட்டேன்.

டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கானது. 5டபிள்யூ என்பதை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 10டபிள்யூ என்பதை மைனஸ் 25இல். இங்கே வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது, எனவே 0, 5, 10 என்பதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். அது 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. ஒரு படி ஏறுவதே பெரிய மாற்றம் என்பது இந்த எண்களில் தெரியும். 30 கேட்கும் எஞ்சினில் 50 ஊற்றுவது இரண்டு படி தாண்டுவது. அதிலும் என் எஞ்சின்போல வால்வ் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு இருந்தால், அதன் சின்னஞ்சிறு வழிகளில் கெட்டி எண்ணெய் மெதுவாகத்தான் போகும்.

என் முடிவு இப்படி அமைந்தது. கையேட்டில் சொன்ன தரத்தில் தொடங்கு. சூட்டில் அழுத்தத்தை அள. அடைப்பு, கசிவு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் அழுத்தம் குறைவாகவோ எண்ணெய்ச் செலவு அதிகமாகவோ இருந்தால், ஒரே ஒரு படி மேலே போ, அதுவும் கையேடு அனுமதித்தால். நான் 1,500 கி.மீ. கழித்து 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக்குக்கு மாறினேன். மாதம் ஒருமுறையாவது மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறேன், எண்ணெய்ச் செலவும் கொஞ்சம் இருந்தது, கையேட்டிலும் வெப்ப நாடுகளுக்கு 40 குறிப்பிடப்பட்டிருந்தது. கேஜில் ஐடிலில் 14, 3,000இல் 54 வந்தது. என்னுடைய ஓட்டம் இல்லாமல் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் 30லேயே இருந்திருப்பேன்.

புட்டியில் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) தரமும் பார்க்க வேண்டும். எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்என் 2010இல், எஸ்பி 2020இல். பெட்ரோல் கார்களுக்குப் புதிய தரம் பழைய தரத்துக்குப் பதிலாகப் பொருந்தும், ஆகவே என் 2007 வண்டிக்கு எஸ்பி தாராளமாகப் போதும். சிந்தெடிக் ஊற்றினால் பழைய வண்டி கசியும் என்று பலர் பயமுறுத்தினார்கள். சீல் ஏற்கெனவே காய்ந்து விரிசல் விட்டிருந்தால் எந்த எண்ணெயும் கசியும். என் வண்டியில் வால்வ் மூடி கேஸ்கட்டை மாற்றியதும் கசிவு நின்றுவிட்டது. அதிக ஓட்டம் கண்ட எஞ்சினுக்கென்று விற்கும் எண்ணெய்களில் சீல்களை மிருதுவாக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், லேசான கசிவுக்கு அது உதவும். அழுத்தத்தை உயர்த்தும் என்று தனியாக விற்கும் பிசின் போன்ற கலவைகளை நான் தொடுவதில்லை. அவையும் 20டபிள்யூ-50 செய்த வேலையைத்தான் செய்கின்றன.

மலேசியாவில் மலிவு என்று புட்டிகளை அள்ளி வருபவர்கள் முகவரிடமோ பெரிய பெட்ரோல் நிலையத்திலோ வாங்குங்கள். போலி எண்ணெய் பிடிபட்ட செய்திகள் அங்கே அடிக்கடி வந்திருக்கின்றன.

மோட்டார் சைக்கிளில் தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் சகோதரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார் எண்ணெயை பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருந்தால் கிளட்ச் வழுக்கும். புட்டியில் ஜாஸோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் வழக்கம் இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலை டிப்ஸ்டிக் பார்க்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் சில இடங்கள் லேசாகச் சரிந்திருக்கும், அங்கே பார்த்தால் அளவு பொய் சொல்லும், சமதளத்தில் நிறுத்தித்தான் பார்ப்பேன். ஓட்டி வந்திருந்தால் அணைத்துப் பத்து நிமிடம் காத்திருப்பேன். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதில்லை. எண்ணெய் அளவு மீறினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையை பம்பால் சரியாகத் தள்ள முடியாது, அதனாலும் அழுத்தம் இறங்கும். தேதி, கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றினேன் என்பதை டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் குறிப்பேட்டில் எழுதுகிறேன். 1,000 கி.மீ.க்கு 300 மில்லி குறைந்துகொண்டிருந்தது, இப்போது 200க்குள் வந்திருக்கிறது. எழுதாமல் இருந்தால் இது தெரியவே தெரியாது.

எண்ணெய், ஃபில்டர் இரண்டையும் 6,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். ஃபில்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகு எண்ணெய் வடிந்து ஓடாமல் தடுக்கும் ரப்பர் வால்வ் அதற்குள்தான் இருக்கிறது. மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரமே காய்ந்துவிடும், காலையில் சில விநாடி எஞ்சின் எண்ணெயில்லாமல் சுற்றும். ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்பிவிடுவேன். நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது இங்கே குற்றம், எஞ்சினுக்கும் அதனால் நன்மை இல்லை.

ஆண்டு ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பு காக்கி புக்கிட் அண்ணனிடம் போய் கேஜ் வைத்து அளந்துகொள்வதும் வழக்கமாகிவிட்டது. இருபது நிமிட வேலை. கடந்த முறை ஈப்போ போய்வந்த சூட்டோடு நேரே அவரிடம் போனேன். ஐடிலில் 13, 3,000 சுற்றில் 53. குறிப்பேட்டில் முந்தைய ஆண்டு வரிக்குக் கீழே அதை எழுதி வைத்திருக்கிறேன்.